ஆனை தனியாக வராது

போன ஆடியில் ஒரு மூலிகைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகைகள் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 64 செடிகள். ஆங்கிலத்தில் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தமிழ்ப் பெயரும் இரண்டு வரிக் குறிப்பும் எழுத வேண்டும். விளம்பரங்களையும் பொட்டல உறைகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அதனால் இதையும் அதே வேகத்தில் முடித்தேன். 'ஜெயன்ட் மில்க்வீட்' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா என்று தாவரவியல் பெயர். அதைப் பார்த்ததும் எருக்கு என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை. 'ஜெயன்ட்' என்று இருக்கிறதே, அதை விட்டால் ஒரு சொல் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம். 'ராட்சத எருக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பலகைகளை நேரில் பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தூதுவளைக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எழுதியது நான்தான் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒன்னு கேக்கணும்னு இருந்தேம்மா" என்று எருக்கஞ்செடிக்குக் கூட்டிப்போனார். "இதுல ராட்சத எருக்குன்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்தா, ராட்சத எருக்கு எங்க, இது சின்னதாத்தான இருக்குன்னு கேக்குதுங்க. நான் சாதா எருக்கத்தான் கொண்டாந்து வச்சேன். அப்படி ஒரு சாதி தனியா இருக்காம்மா? தப்பான செடிய வச்சுட்டனோ?"

செடி சரிதான், பலகைதான் தப்பு என்று சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அச்சில் வந்த பலகையைவிடத் தன் கண் பெரிதில்லை என்று நினைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து எருக்கைப் பார்த்து, எருக்கம்பால் கண்ணில் படாமல் ஒடிக்கத் தெரிந்து, பழுத்த இலையை வதக்கி மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுத்த ஒருவர், நான் எழுதிய ஒரே ஒரு சொல்லால் இரண்டு மாதம் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய பொருளைச் சொல்ல நாம் வைத்திருக்கும் சொற்களைப் பற்றி அதிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை.

முதலில் கோபம் அந்தத் தாவரவியல் பெயர் மேல் போனது. பிறகு அதுவும் தணிந்தது. எருக்குக்கு 1753-ல் 'ஜைஜான்டியா' என்று பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் லின்னேயஸ். அப்போது அவர் அதை அஸ்கிளிபியாஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். அதே பேரினத்தில் அவர் ஊர்ப்பக்கம் தானாக முளைக்கிற செடி ஒன்றும் இருந்தது. நன்றாக வளர்ந்தாலும் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும் செடி அது. நம் எருக்கு இரண்டு ஆள் உயரம்கூடப் போகும், அடி கட்டை பாய்ந்துவிடும். அதன் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தவர் பூதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? அவர் சரியாகத்தான் சொன்னார். நாம் எருக்கை நிறத்தால் பிரித்தோம். ஊதாப் பூ பூத்தால் எருக்கு, வெள்ளையாகப் பூத்தால் வெள்ளெருக்கு, வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார். உயரத்தைப் பற்றிப் பேச நமக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அந்த இடுப்பு உயரச் செடி நம் ஊரில் இல்லை. லின்னேயஸின் சொல் கடல் கடந்து என் மேசைக்கு வந்தபோது, அது எதன் பக்கத்தில் நின்று பெரிதானதோ அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் அந்த அநாதைச் சொல்லைத் தூக்கிப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

என் மேசையில் இருக்கும் பெரிய சொற்கள்

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பெரியது என்று சொல்ல எத்தனை சொற்களை எடுத்து எடுத்துப் போட்டிருக்கிறேன் என்று யோசித்தால், ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. 'ராட்சத' என்றால் இயந்திரம்: ராட்சத கிரேன், ராட்சத குழாய், பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம். 'பூதாகரம்' பிரச்சினைக்கு மட்டும்தான் வரும். பூதாகரமான வீடு என்று யாரும் சொல்வதில்லை. 'விஸ்வரூபம்' எடுப்பதும் பிரச்சினைதான், ஆனால் அது நேற்றுவரை சின்னதாக இருந்திருக்க வேண்டும். 'மாபெரும்' என்று தொடங்கினால் அடுத்த சொல் பொதுக்கூட்டமாகவோ இரத்ததான முகாமாகவோ இருக்கும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பங்கு போட்டுக் கொடுக்கவில்லை. பேசிப் பேசித் தானாக அமைந்த ஒழுங்கு இது, எனக்கு இதில் மரியாதை உண்டு.

மனம் வலிப்பது 'பிரம்மாண்டம்' விஷயத்தில்தான். பிரம்மனின் அண்டம். அண்டம் என்றால் முட்டை. இருக்கிற உலகம் அத்தனையும் ஒரு முட்டைக்குள் அடங்கியிருப்பதாகக் கண்டவர்கள் வைத்த பெயர். அதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்ல முடியாது என்கிற இடத்தில் நிற்கிற சொல் அது. திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்று ஒரு பகுதி இருக்கிறது. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன என்று மாணிக்கவாசகர் அங்கே தொடங்குகிறார். எண்ணிக்கையைச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்கூரை ஓட்டையில் வெயில் நுழையும்போது அந்தக் கதிருக்குள் தூசு மிதக்குமே, அந்தத் தூசைப் போல இந்த அண்டங்களெல்லாம் சிறியதாகிவிடும் அளவுக்குப் பெரியவன் இறைவன் என்கிறார். நூற்றொரு கோடி அண்டத்தைச் சொல்லி முடித்தவருக்கும் கடைசியில் ஒரு தூசு வேண்டியிருந்தது. அந்தத் தூசைப் படித்த இடத்தில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. எண்ணிக்கை என்னை ஒன்றும் செய்யவில்லை.

அந்தச் சொல்லை நான் போன வாரம் மட்டும் ஆறு தடவை எழுதினேன். பிரம்மாண்ட திறப்பு விழா, பிரம்மாண்ட தள்ளுபடி, பிரம்மாண்ட வெற்றி. பக்கத்தில் எதுவுமே இல்லாமல், எதைவிட என்ற கேள்வியே இல்லாமல். எழுதிக் கொடுத்தவள் நான், ஆகவே பொறுப்பும் எனக்கு இருக்கிறது. பத்துக்குப் பத்து கடையும் பிரம்மாண்டம், நாலு மாடிக் கடையும் பிரம்மாண்டம் என்றால், அந்த நாலு மாடியைப் பார்க்கிற ஒரு குழந்தைக்கு வியப்பைச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?

'ஜம்போ' என்ற சொல்லும் வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். ஜம்போ பேக், ஜம்போ சைஸ். அது ஒரு யானையின் பெயர். ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டு, பாரிஸ் போய், 1865-ல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்து, அங்கே குழந்தைகளை முதுகில் சுமந்த யானை. 1882-ல் அதை அமெரிக்க சர்க்கஸ்காரர் பார்னம் விலைக்கு வாங்கியபோது லண்டன் முழுக்க அழுது ஆர்ப்பாட்டம் செய்தது. மூன்று வருடம் கழித்து, 1885 செப்டம்பரில், கனடாவில் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் சரக்கு ரயில் மோதிச் செத்துப்போனது. பார்னம் அதன் பெயரைச் சொல்லிச் செய்த விளம்பரத்தில்தான் ஜம்போ என்றால் பெரியது என்று உலகம் பழகிக்கொண்டது. பிறகு ஜம்போ ஜெட் வந்தது, கடைசியில் மிக்சர் பொட்டலத்துக்கும் வந்து சேர்ந்தது. தண்டவாளத்தில் செத்த ஒரு உயிரின் பெயரை எழுதுகிறோம் என்று எனக்கு வெகு நாள் தெரியாது. தெரிந்த பிறகு அந்தச் சொல்லை எழுதும்போது ஒரு நொடி தயங்குகிறேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது: பெரியதைச் சொல்ல யானையைக் கூப்பிடுவதற்கு நமக்கு லண்டன் வரை போக வேண்டியதே இல்லை.

பக்கத்தில் ஒன்று

எனக்கு ஆறேழு வயதிருக்கும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாயி ஒரு நாள் "ஆனைநெருஞ்சி பறிக்கப் போறேன், வர்றியா" என்று கேட்டார். ஆனை என்ற சொல்லைக் கேட்டதும் நான் குதித்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் யானை உயரத்துக்கு ஒரு முள் மரம் இருக்கும், அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம் என்று நினைப்பு. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் அப்பாயி குனிந்தார். என் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி. சதைப்பிடிப்பான இலை, மஞ்சள் பூ. "இதுவா ஆனை?" என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாயி பேசாமல் நாலு எட்டுத் தள்ளிப் போய், மணலோடு மணலாகப் படர்ந்து கிடந்த நெருஞ்சிக் கொடி ஒன்றை வேரோடு இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு காய் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். நெருஞ்சிக் காய் துவரம்பருப்பு மாதிரி இருந்தது. ஆனைநெருஞ்சிக் காய் என் சுண்டுவிரல் நுனி அளவு, நாலு மூலையிலும் நாலு முள். "இதப் பாத்துட்டு அதப் பாரு" என்றார். பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு நொடியில் ஆனை வந்து நின்றது. பிறகு அந்தச் செடியில் ஒரு கொத்தை ஒடித்து, கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் விட்டு நாலைந்து சுற்றுச் சுற்றினார். தண்ணீர் அப்படியே கெட்டியாகி விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று நூல் விட்டது. சூட்டுக்கு நல்லது என்று எனக்கும் ஒரு மடக்குக் கொடுத்தார். ருசி ஒன்றுமில்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தாவரவியல்படி அந்த இரண்டு செடிக்கும் உறவே கிடையாது. ஆனைநெருஞ்சி எள்ளுக் குடும்பம், நெருஞ்சி வேறு குடும்பம். பெயர் வைத்தவர்கள் மஞ்சள் பூவையும் முள்ளுக் காயையும் பார்த்து, அதன் பக்கத்தில் இதை வைத்து, எத்தனை பெரிது என்பதற்கு யானையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படிக் கூப்பிட்டது எத்தனையோ முறை. மெக்சிகோவிலிருந்து ஒரு முள் செடி வந்தது. வீட்டுக் கற்றாழை பக்கத்தில் வைத்தார்கள், ஆனைக்கற்றாழை ஆயிற்று. (தண்டவாளத்து ஓரம் வேலியாக நட்ட பிறகு அதுவே ரயில் கற்றாழை.) மன்னாரிலும் நெடுந்தீவிலும் பருத்து நிற்கிற ஆப்பிரிக்கப் பெருக்க மரத்தின் காய்க்குள் புளிப்புச் சதை இருந்தது. புளிய மரத்தின் பக்கத்தில் வைத்தார்கள், ஆனைப்புளி. எதிரே ஒரு புளி, ஒரு கற்றாழை, ஒரு நெருஞ்சி இல்லாமல் இந்த ஆனை வருவதே இல்லை. பழமொழியிலும் பாருங்கள். ஆனைப்பசிக்குச் சோளப்பொரி. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். ஆனைக்கும் பானைக்கும் சரி. ஆனை வந்தால் கூடவே ஒரு பொரியோ பூனையோ பானையோ வந்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது ஆனைக்குன்றிமணி. குன்றிமணி எல்லோரும் பார்த்திருப்போம், சிவப்பில் கறுப்புக் கண். ஆனைக்குன்றிமணி என்பது மஞ்சாடி மரத்தின் விதை. முழுச் சிவப்பு, கையில் எடுத்தால் பளபளவென்று நழுவும். பல்லாங்குழிக்கு எடுத்து வைப்போம். அந்தக் காலத்தில் பொன் நிறுத்தது இவற்றை வைத்துத்தான். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. அதாவது குன்றிமணிக்கு ஆனை எவ்வளவு பெரிது என்று கேட்டால் பதில் இருக்கிறது: இரண்டு மடங்கு. பொன் நிறுக்கிறவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆனை என்றால் வாய்க்கு வந்த பெருக்கல் என்று நினைத்திருந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்ட அன்று ஒரு சந்தோஷம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவரில், ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசிக் குன்றிவரை வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1010-ல் முடித்த, 200 அடிக்கு மேல் உயரமான விமானம். அதன் அடியில் ஒரு குன்றிமணி எடைக்கும் கணக்கு. ஊர் ஜனம் அதைப் பெரிய கோயில் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சுவரின் பக்கத்தில் நின்றால் 'பெரிய' என்கிற சாதாரணச் சொல் போதும் என்று எனக்கும் படுகிறது.

எல்லா ஆனையும் அளவைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரைக்குப் பக்கத்து ஆனைமலைக்கு அந்தப் பெயர் வந்தது படுத்த யானையின் உருவத்தால். ஆனையிறவில் நிஜ யானை நடந்திருக்கிறது, திருவானைக்காவில் சிவனை வழிபட்ட யானையின் கதை இருக்கிறது. ஆனைநெருஞ்சிக்கே ஆனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு, காலில் முள் தைத்தால் யானையும் தலை குனியும் என்று. அந்தப் பெயரைக் கேட்டபோது, அப்பாயி குனிந்த கோலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பாயியின் செருப்பு

இதுவரை எழுதிவிட்டு இரண்டு வாரம் மேற்கொண்டு எழுதாமல் வைத்திருந்தேன். காரணம், அப்பாயிக்கு இடது காலில் யானைக்கால் இருந்தது. ஆனை என்ற சொல்லைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போவது பொய் ஆகிவிடும்.

எங்கள் கடலோரத்திலும் கும்பகோணம் பக்கத்திலும் அது நிறையப் பேருக்கு இருந்த காலம். கொசுவால் பரவும் புழு. நிணநீர்ப் பாதையில் போய் உட்கார்ந்துகொள்ளும். புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால், சுகாதாரத் துறைக்காரர்கள் இருட்டிய பிறகு வீடு வீடாக வருவார்கள். தூங்கிப்போன எங்களை எழுப்பி உட்காரவைத்து, டார்ச் வெளிச்சத்தில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தேய்த்துக்கொண்டு போவார்கள். ஊர் ஊராக எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004-ல்தான் நாடு முழுக்க வந்தது. அப்பாயிக்கு அது எட்டவில்லை. வருடத்துக்கு நாலைந்து முறை தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர் ஜுரம் வந்து போர்வைக்குள் நடுங்குவார், ஒவ்வொரு ஜுரத்துக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும். தினமும் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து அந்தக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் பழந்துணியால் ஒற்றி எடுப்பார். கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைப்பார். செருப்பு அவருக்குக் கடையில் கிடைக்காது. வலது காலுக்கு ரப்பர் செருப்பு. இடது காலுக்கு டயரை அறுத்து அகலமாகத் தைத்தது. வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

தெருவில் எங்கள் வீட்டுக்கு ஆனைக்கால் வீடு என்று பெயர். பத்து வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் யாரோ அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, கிணற்றடியில் அப்பாயியிடம் கேட்டேன், "ஒங்க கால ஏன் அப்பாயி எல்லாரும் ஆனைக்காலுங்கறாங்க?" அப்பா திண்ணையிலிருந்து கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அப்பாயி அவரை உட்காரச் சொன்னார். சேலையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து நீட்டினார். மெலிந்து, நரம்பு ஓடி, இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி போட்ட வலது கால். அதை ஒட்டி, கணுக்கால் எது விரல் எது என்று தெரியாமல் மடிப்பு விழுந்த இடது கால்.

"இந்தா பாரு. இது பக்கத்துல இருக்கறதாலதான் அது ஆனை. ரெண்டும் பெருத்துக் கெடந்தா, ஒடம்பு பெருத்தவன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. நல்ல காலு ஒன்னு மிச்சம் இருக்கு. அதான் பேரு வந்துருச்சு."

சொல்லிவிட்டு மெட்டியை ஒரு தடவை திருகிச் சரிசெய்துகொண்டு, சேலையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். மணல்மேட்டில் என் உள்ளங்கையில் இரண்டு காயை வைத்ததும் கிணற்றடியில் இரண்டு காலை நீட்டியதும் ஒரே பாடம் என்று எனக்குப் புரிய முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரு தோட்டக்கார அம்மா வந்து கேட்ட பிறகு.

ஆனால் அந்தப் பேருக்கு அவர் கொடுத்த விலையையும் நான் பார்த்திருக்கிறேன். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கிடந்த இரண்டு செருப்பையும் பார்த்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாராவது வருகிறார்கள் என்றால் அப்பாயி செருப்பைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒன்றை வைத்து அளப்பது ஒரு காய்க்குக் கொடுப்பது அழகான பெயர். ஒரு மனுஷியின் காலுக்கு அதையே கொடுக்கும்போது, பார்க்கிறவர்களின் கண் ஆனை மேல் போய் நின்றுவிடுகிறது. அந்த உடம்பை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்த மெட்டிக்காலை யாரும் பார்ப்பதில்லை. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். 12 வருடம் அந்தப் பசியோடு அலைந்தவளுக்கு அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு கிடைத்த பிறகுதான் அது அணைந்தது. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொல்லைப்புறம்தான் கண்ணில் வரும்.

அத்தைக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆயிற்று, அதே கரையில் பக்கத்து ஊரில். 2004 டிசம்பர் 26 அன்று அத்தை அந்த அலையைக் கண்ணால் பார்த்தவர். மறுநாள் தாள்கள் எல்லாவற்றிலும் ராட்சத அலை என்று வந்தது. ஆழிப்பேரலை என்ற சொல் அதற்குப் பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது. அத்தையிடம் எப்படி இருந்தது என்று கேட்டபோது அவர் எந்தப் பெரிய சொல்லையும் எடுக்கவில்லை. "எங்க கொல்லையில ஒரு பன நிக்கும்ல, அத காணோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு அதன் உயரம் தெரிந்தது.

பலகைகளை மாற்றித் தருகிறேன் என்று தோட்டத்துக்குக் கடிதம் எழுதினேன், செலவு என்னுடையது என்றும் சொன்னேன். முதல் பலகையில் 'எருக்கு' என்று மட்டும். இரண்டாவது பலகையில் நான் முன்பு 'பெரிய நெருஞ்சில்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'ஆனைநெருஞ்சில்'. பலகையை நட்டுவிட்டு அந்த அம்மாவிடம், இதன் பக்கத்தில் சாதா நெருஞ்சி ஒன்று வைக்க முடியுமா என்று கேட்டேன். "அது களைம்மா. தெனமும் புடுங்கிப் போடறேன். புள்ளைங்க காலுல குத்தும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சரி, ஒன்னே ஒன்னு விடறேன்" என்றார்.

கார்த்திகையில் மறுபடி போனேன். ஆனைநெருஞ்சிக்கு அடியில் நாலு செங்கல்லை வட்டமாக வைத்து, அதற்குள் நெருஞ்சி படர்ந்திருந்தது. அதற்குப் பலகை இல்லை. மூன்றாவது நான்காவது படிக்கிற ஒரு பையன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயா, இது ஆனையோட குட்டியா?"

"குட்டி இல்லப்பா, அது வேற சாதி" என்றார் அவர், கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தபடி. "இதப் பாத்துட்டு அதப் பாரு."